சனி இரவு கைமாறிய கதை

அலைகளின் சொந்தக்காரர் – வரலாற்றுத் தொடர்: பகுதி 17

ஸ்கந்தபுரத்தில் ஹொக்கிக்கு வழியில்லை. எங்கள் வெளிகள் உதைபந்துக்கும் கரப்பந்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் பழகியவை. அதிலும் பனிக்கட்டியின் மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஹொக்கி என்றால் கேட்கவே வேண்டாம். அக்கராயன் குளம் வற்றும், உறையாது.

இருந்தாலும் ஞாயிறு விடியற்காலையில் எங்கள் வீட்டுக்குள் ஹொக்கி வந்துவிடும். ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் தாயோடு கதைக்க அழைக்கும் நேரம் அது. மாரி காலத்தில் இங்கே காலை ஐந்தரை என்றால் அங்கே சனி இரவு ஏழு மணி. ஃபோனுக்குள் அவனுடைய குரலுக்குப் பின்னால் ஆயிரம் பேர் கத்துவது கேட்கும். "என்னடா, அங்கை ஏதும் சண்டையோ?" என்று மாமி முதல் தடவை பதறிப்போனா. "இல்லையம்மா, ரிவியிலை ஹொக்கி போகுது. பிள்ளையள் பாக்கினம்" என்றான். அதற்குப் பிறகு மாமிக்கு அந்த இரைச்சல் பழகிவிட்டது. அது கேட்காத ஞாயிறுகளில், "ஏன் இண்டைக்கு விளையாட்டு இல்லையோ?" என்று அவவே விசாரிப்பா.

2014ஆம் ஆண்டு பிற்பகுதியில் ஒருநாள் அவனிடம் கேட்டேன்: "உங்கடை ஹொக்கியை அரச தொலைக்காட்சியிட்டையிருந்து ஒரு கம்பனி வாங்கிப்போட்டுதாமே?" அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், அப்பிடித்தான் பேப்பரிலை கிடந்தது. ஆனா இஞ்சை ஒண்டும் மாறேல்லை மச்சான். அதே சனல், அதே நேரம், அதே பேர்" என்றான்.

பார்ப்பவன் கண்ணில் ஒன்றும் படாமல் முழுவதும் கைமாறியது எப்படி என்பதுதான் இந்தப் பகுதிக்கான கதை.

வானொலி நிலையம் யாருடையதாக இருக்க வேண்டும் என்று கனடாவில் நடந்த வாதத்தைச் சென்ற பகுதியில் பார்த்தோம். ஸ்டேட்டா, யுனைட்டட் ஸ்டேட்ஸா என்று 1932இல் கிரஹாம் ஸ்பிரை சிலேடையாகக் கேட்டதையும், அந்த ஆண்டே அரச ஒலிபரப்பு ஆணையம் பிறந்ததையும், அது 1936 நவம்பர் 2 அன்று சி.பி.சி. என்ற கூட்டுத்தாபனமாக மாறியதையும் எழுதியிருந்தேன். ஹொக்கியின் கதை அதைவிடப் பழையது. அது தொடங்கிய இடம் அரச நிலையமும் அல்ல. 1923 பெப்ரவரியில் 'ரொறன்ரோ ஸ்டார்' என்ற பத்திரிகை நடத்திய வானொலி நிலையம்தான் ஹொக்கி வர்ணனையை முதலில் காற்றில் விட்டது. அந்தப் பத்திரிகையில் வேலை பார்த்த ஃபொஸ்டர் ஹூவிற் என்ற இளைஞர் அதே மாதம் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். பிறகு அரை நூற்றாண்டுக்கு அந்த நாட்டின் காதில் ஹொக்கி என்றால் அவருடைய குரல்தான்.

1931 நவம்பர் 12 அன்று ரொறன்ரோவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கு திறக்கப்பட்டபோது, கூரைக்கு அருகே தொங்கும் ஒரு கூண்டை ஹூவிற்றுக்கென்றே கட்டிக் கொடுத்தார்கள். பனித்தரைக்கு மேலே 50 அடிக்கும் கூடுதலான உயரம். மெல்லிய நடைபாதையால் நடந்துதான் அங்கே போக வேண்டும். போகத் துணியாமல் திரும்பிய விருந்தினர்களும் உண்டு. அந்தக் கூண்டிலிருந்து அவர் சனி இரவுகளில் வணக்கம் சொல்லும்போது கனடாவோடு நியூஃபவுண்லாந்தையும் தனியாகப் பெயர் சொல்லி அழைப்பார். நியூஃபவுண்லாந்து கனடாவோடு சேர்ந்தது 1949இல்தான். நாட்டின் எல்லைக்குள் வருவதற்கு முன்பே அந்த மக்கள் சனி இரவின் எல்லைக்குள் வந்துவிட்டார்கள்.

அந்தக் கால மேற்குக் கனடாவைப் பற்றி வன்னி வாசகருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், மைலுக்கு ஒரு வீடு, மின்சாரம் கிடையாது. 1930களில் அங்கே பண்ணை வீட்டு வானொலிகள் பற்றறியில் ஓடின. வீட்டுக்கு வெளியே ஒரு சிறிய காற்றாடியை நட்டு அதால் பற்றறிக்கு மின்னேற்றினார்கள். காற்று இல்லாத வாரம் என்றால் மற்ற நிகழ்ச்சிகளை நிறுத்தி வைத்து, எஞ்சிய மின்னைச் சனிக்கிழமைக்குச் சேமிப்பார்கள்.

இதை முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. தொண்ணூறுகளில் எங்களிடம் பற்றறியே இல்லை. தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் சோரும். 1996 மார்ச் 17, லாகூரில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். எங்கள் ஒழுங்கையில் நான்கு பேர் முறைவைத்துச் சுற்றினோம். கொழும்பிலிருந்து வந்த சிங்கள வர்ணனையில் பெயர்களும் எண்களும் மட்டும்தான் எனக்கு விளங்கின. அரவிந்தவின் பெயர் வரும்போதெல்லாம் சுற்றுகிறவன் வேகம் கூட்டினான். ஆட்டத்தைக் கேட்பதற்கு நாங்கள் கொடுத்த விலை அவ்வளவுதான். அதை வசூலிக்க வந்தவர் எவரும் இல்லை.

கனடாவுக்குத் திரும்புவோம். அரச கூட்டுத்தாபனம் இந்தக் கதையில் செய்தது என்ன? ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சனி இரவு ஹொக்கி ஒருநாளும் முழுக்க முழுக்கப் பொதுச் சொத்தாக இருந்ததில்லை. முதலில் ஜெனரல் மோட்டர்ஸ், பிறகு இம்பீரியல் ஒயில் என்ற எண்ணெய்க் கம்பனி, அதன் பிறகு மோல்சன் என்ற பியர்க் கம்பனி என்று அனுசரணையாளர்கள் எப்போதும் இருந்தார்கள். நிகழ்ச்சியைத் தயாரித்ததும் நெடுங்காலம் ஒரு விளம்பர நிறுவனமே. ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூன்று வீரர்களை 'மூன்று நட்சத்திரங்கள்' என்று அறிவிக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இம்பீரியல் விற்ற 'த்ரீ ஸ்டார்' பெற்றோலுக்கான விளம்பரம்தான் அது. பெற்றோல் மறந்துபோய்ச் சடங்கு மட்டும் மிஞ்சிவிட்டது.

கூட்டுத்தாபனம் கொடுத்தது வழி. இலாபம் பார்க்கிறவன் கோபுரம் நடாத இடங்களில் அது நட்டது. 1972 நவம்பரில் அனிக் என்ற செய்மதி ஏவப்பட்டது. அடுத்த ஆண்டே வடதுருவத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்கு நேரடித் தொலைக்காட்சி போய்ச் சேர்ந்தது. 1974இல் இன்னொரு திட்டம் வகுத்தார்கள்: 500 பேர் வாழும் ஊராக இருந்தால் போதும், அங்கே சி.பி.சி. தெரிய வேண்டும். ஸ்கந்தபுரம் அந்தக் கணக்கில் எத்தனை முறை தேறியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் ஊருக்கு மின்கம்பமே 2009க்குப் பிறகுதான் வந்தது.

தொலைக்காட்சியில் ஹொக்கி 1952 ஒக்டோபர் 11 அன்று மொன்றியலில் பிரெஞ்சு மொழியில் தொடங்கியது. நவம்பர் 1 அன்று ரொறன்ரோவில் ஆங்கிலத்தில். ரொறன்ரோ அணியின் முதலாளி கொன் ஸ்மைத்துக்கு ஒரே பயம், வீட்டிலிருந்து பார்க்க முடிந்தால் அரங்குக்கு யார் வருவார்கள்? அதனால் ஆட்டம் பாதி போன பிறகே ஒளிபரப்பைத் தொடங்க விட்டார். அந்தப் பழக்கம் 1960களின் பிற்பகுதி வரை நீடித்தது. முதல் பருவத்தில் அவர் வாங்கிய விலை ஆட்டமொன்றுக்கு 100 டொலர். இந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1972 செப்ரெம்பர் 28 அன்று மொஸ்கோவில் சோவியத் ஒன்றியத்துக்கு எதிரான ஹொக்கித் தொடரில் கனடாவின் எட்டாவது ஆட்டம். பள்ளிக்கூடங்களில் வகுப்புகளை நிறுத்திப் பெட்டியின் முன் பிள்ளைகளை இருத்தினார்கள். 34 விநாடிகள் இருக்கும்போது போல் ஹென்டர்சன் கோல் அடித்தார். வர்ணனை சொன்னவர் ஃபொஸ்டர் ஹூவிற். 1923இல் தொடங்கிய அதே மனிதர்.

இப்படிப் பயிர் வளர்ந்தது. கனடாவில் ஒரு பிள்ளை சனி இரவில் தகப்பனோடு இருந்து ஹொக்கி பார்ப்பது எவரும் சொல்லிக்கொடுக்காத வழக்கமாகிவிட்டது. அங்கே போய் இறங்கிய எங்கள் ஆட்களுக்கும் அதுவே முதல் மாரி காலப் பாடம். மச்சான் 1990களில் போனவன். ஆங்கிலம் முழுக்கப் பிடிபடாத காலத்தில், வேலை முடிந்து வந்த சனி இரவுகளில் அறைத் தோழர்களோடு பார்த்தானாம். அன்ரெனா ஒன்றிருந்தால் போதும், காசு கட்டத் தேவையில்லை. "விளங்கினது கோல் எண்ட சொல் மட்டும்தான். அது காணும்தானே" என்பான்.

இனி விலைக்கு வருவோம். 1984இல் விளையாட்டுக்கென்றே ஒரு கேபிள் சனல், ரி.எஸ்.என்., தொடங்கியது. அப்போது அதன் சொந்தக்காரர் லபாட் என்ற இன்னொரு பியர்க் கம்பனி! ஆட்டம் பார்க்க மாதம் மாதம் காசு கட்டும் மக்களை அந்தச் சனல் உருவாக்கியது. பிறகு இணையம் வந்தது, கைத்தொலைபேசி வந்தது. நாடகத்தையும் செய்தியையும் மக்கள் தமக்கு வசதியான நேரத்தில் பார்க்கத் தொடங்கினார்கள். ஆட்டத்தை மட்டும் அப்படித் தள்ளி வைக்க முடியாது, முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும். ஆகவே விளம்பரத்தோடு ஒரு மனிதனைக் குறித்த நேரத்தில் கட்டி வைக்கக்கூடிய சரக்கு விளையாட்டு ஒன்றுதான் என்றாகியது. கேபிள், இணையம், ஃபோன் மூன்றையும் விற்கும் கம்பனிக்கு அதன் பெறுமதி இன்னும் கூட. விளம்பரத்தில் நட்டப்பட்டாலும் இணைப்பில் எடுத்துவிடலாம்.

முதல் எச்சரிக்கை 2008இல் வந்தது. நிகழ்ச்சியின் தொடக்க இசையை டொலோரஸ் கிளேமன் 1968இல் அமைத்துக் கொடுத்திருந்தார். நாற்பது ஆண்டுகளாக நாடு முழுவதும் முணுமுணுத்த மெட்டு. அதற்கான உரிமைப் பணத்தில் சி.பி.சி.யோடு உடன்பாடு வரவில்லை. ஜூன் மாதத்தில் சி.ரி.வி. என்ற தனியார் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டு போனது. சி.பி.சி. போட்டி வைத்து ஒரு புது மெட்டைத் தேடிக்கொண்டது. மெட்டு போனபோதே ஆட்டமும் போகப்போகிறது என்று சொன்னவர்களை அன்று பலர் பகிடி பண்ணினார்கள்.

இரண்டாவது எச்சரிக்கையைக் கூட்டுத்தாபனமே தனக்குக் கொடுத்துக்கொண்டது. 2012ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அதன் அரச மானியத்தில் மூன்று ஆண்டுகளுக்குள் 115 மில்லியன் டொலரை வெட்டியது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று, 600க்கும் மேற்பட்ட பழைய அனலொக் பரப்பிகளைச் சி.பி.சி. ஒரே நாளில் அணைத்தது. 500 பேர் இருந்தால் போதும் என்று ஒரு காலத்தில் நட்ட கோபுரங்களும் அவற்றுள் அடக்கம். சிற்றூர்களில் அன்ரெனாவை நம்பியிருந்தவர்களின் பெட்டியில் அன்றிரவு புள்ளி மழை. ஹொக்கியைத் தனியார் பறித்துக்கொண்டார்கள் என்று அங்கே பலர் எழுதினார்கள். என் கணக்கு வேறு. சி.பி.சி. ஆட்டத்தைப் பறிகொடுத்தது 2013இல். ஆட்டம் தன்னிடம் இருந்தாக வேண்டிய காரணத்தை அது கைவிட்டது 2012இல். எல்லா ஊருக்கும் இலவசமாகப் போய்ச் சேராத பொதுத் தொலைக்காட்சி, ஏலத்தில் நிற்கும் இன்னொரு சனல் மட்டும்தான். ஏலத்தில் பணமுள்ளவன் வெல்வான்.

வென்றான். 2013 நவம்பர் 26 அன்று அறிவிப்பு வந்தது. நெஷனல் ஹொக்கி லீக்கின் கனடா தழுவிய ஒளிபரப்பு உரிமை ரொஜர்ஸ் கம்பனிக்கு. 12 ஆண்டுகள், 5.232 பில்லியன் கனடிய டொலர். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 436 மில்லியன். ஸ்மைத்தின் 100 டொலரை இப்போது நினைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில்தான் முழுச் சங்கதியும் இருந்தது. சனி இரவு நிகழ்ச்சி தொடர்ந்து சி.பி.சி.யில் வரும். பெயரும் அதே 'ஹொக்கி நைட் இன் கனடா'. அதற்காகச் சி.பி.சி. பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் விளம்பர வருமானத்தில் ஒரு சதமும் அதற்குக் கிடையாது. யார் பேசுவது, எதைக் காட்டுவது என்று தீர்மானிப்பதும் ரொஜர்ஸ். சி.பி.சி.யின் கட்டடத்துக்குள்ளேயே ரொஜர்ஸ் கலையகத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவேட்டில் அந்தச் சில மணித்தியாலங்களுக்குச் சி.பி.சி. நிலையங்கள் ரொஜர்ஸின் வலையமைப்பில் இணைந்தவையாகக் கணக்கு. வளவு எங்களுடையது, வேலி எங்களுடையது, தென்னையும் நாங்கள் வைத்தது, தேங்காய் மட்டும் வேறொருவர் பிடுங்குவார் என்பது போன்ற ஏற்பாடு. மச்சானுக்கு ஒன்றும் மாறாதது போலத் தெரிந்தது இதனால்தான்.

கட்டடத்துக்குள் இருந்தவர்களுக்கு மாற்றம் உடனே தெரிந்தது. 2014 ஏப்ரல் 10 அன்று சி.பி.சி. 657 வேலைகளை நீக்குவதாக அறிவித்தது. தொழில்முறை விளையாட்டு உரிமைகளுக்காக இனித் தனியாரோடு போட்டியிடுவதில்லை என்றும் சொன்னது. ஹொக்கிப் பணம் நாடகத்தையும் சிறுவர் நிகழ்ச்சியையும் எவ்வளவு தூரம் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் வெளியே தெரிந்தது.

வாங்கியவருக்கும் எல்லாம் சுகமாகப் போகவில்லை. இளையவர்களைப் பிடிக்கலாம் என்று ஜோர்ஜ் ஸ்ட்ரம்போலோபொலஸ் என்ற புது முகத்தைத் தொகுப்பாளராக்கினார்கள். இரண்டு ஆண்டில் பழைய ரொன் மக்லீனையே திரும்ப அழைத்தார்கள். 2016இல் கனடாவின் ஏழு அணிகளில் ஒன்றுகூட இறுதிச் சுற்றுகளுக்குத் தேறவில்லை. 1970க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

எங்கள் ஆட்கள் மறக்காத நாள் ஒன்று உண்டு. 2019 நவம்பர் 9 சனி இரவு. நெடுங்கால விமர்சகர் டொன் செரி, போர்வீரர் நினைவுக்கான சிவப்புப் பூவை வந்தேறிகள் குத்துவதில்லை என்று, 'நீங்கள்' என்று முகத்துக்கு நேரே விரல் நீட்டுவது போலப் பேசினார். ஸ்காபரோ வீடுகளில் அந்த நேரம் பெட்டிக்கு முன்னால் இருந்த பலர் அந்த 'நீங்கள்'தான். இரண்டாம் நாள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நெடுங்காலம் அவரைப் பொறுத்துக்கொண்டிருந்தது பொதுக் கூட்டுத்தாபனம், நீக்கியது தனியார் கம்பனி. பொது என்றால் நல்லது, தனியார் என்றால் கெட்டது என்று கோடு கிழிக்க நினைப்பவர்களுக்காக இதைக் குறித்து வைக்கிறேன். பஞ்சாபி மொழி வர்ணனையைப் பார்த்தாலும் அப்படித்தான். 2008இல் அதைத் தொடங்கியது சி.பி.சி.; பிறகு அதை எடுத்துத் தன் பன்மொழிச் சனலில் நடத்தியது ரொஜர்ஸ்.

இதற்கு வேறு வழி இருந்ததா? இருந்தது, அதுவும் எங்கள் பக்கத்து நாட்டிலேயே. 1993இல் கல்கத்தாவில் நடந்த ஹீரோ கிண்ணச் சண்டையைப் பன்னிரண்டாம் பகுதியில் விரிவாக எழுதியிருந்தேன். வங்காள துடுப்பாட்டச் சங்கம் வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒளிபரப்பை விற்க, தூர்தர்ஷன் மறிக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பெப்ரவரி 9 தீர்ப்பு அலைகளைப் பொதுச் சொத்து என்றது. அரசின் தனிச் சொத்து அல்ல என்பதும் அதற்குள் அடக்கம். அரசு அதிலிருந்து மெதுவாக ஒரு பாடம் படித்தது. உரிமையை யாரும் வாங்கட்டும், ஆனால் நாட்டுக்கு முக்கியமான ஆட்டங்களின் ஒளிச்சமிக்ஞையைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் போட்டார்கள். விளம்பர வருமானத்தில் தொலைக்காட்சிக்கு 75க்கு 25, வானொலிக்குப் பாதிக்குப் பாதி. பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் காசு கட்டாதவருக்கும் தெரிய வேண்டிய ஆட்டங்கள் என்று பட்டியலே இருக்கிறது. ஹொக்கியை உயிர் என்று சொல்லும் கனடாவில் அப்படியொரு சட்டம் இல்லை. சனி இரவு எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டார்கள்.

இன்றைய நிலைமையைச் சொல்லி முடிக்கிறேன். ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணியை வைத்திருக்கும் நிறுவனத்தில் பெல் கம்பனியின் 37.5 வீதப் பங்கை 4.7 பில்லியன் டொலருக்கு வாங்கி, 2025 ஜூலை 1 முதல் ரொஜர்ஸ் அதில் 75 வீதத்துக்குச் சொந்தக்காரராகிவிட்டது. ஆடும் அணி, காட்டும் சனல், வீட்டுக்கு வரும் வயர், கையிலுள்ள ஃபோன் எல்லாம் ஒரே கல்லாவுக்குப் போகின்றன. திங்கட்கிழமை ஆட்டங்களை 2024இலிருந்து அமேசன் காட்டத் தொடங்கியது. 2025 ஏப்ரலில் ரொஜர்ஸ் லீக்கோடு அடுத்த 12 ஆண்டுகளுக்கும் கைச்சாத்திட்டது. 2026-27 பருவத்திலிருந்து தொடங்கும் அந்த ஒப்பந்தத்தின் விலை 11 பில்லியன் கனடிய டொலர்.

அடுத்த பகுதியில் ஊருக்குத் திரும்புகிறோம். 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி தொடங்கியது. இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி 17 அன்று, பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம். அந்த இரண்டும் சேர்ந்து நடந்த வழியையும், 2011இல் ஒரு தனியார் சனல் நடுவில் வந்து நின்றதையும் எழுதப் போகிறேன். அதற்கு வாசகரின் உதவி வேண்டும். அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, முழங்காவில் பக்கங்களில் டைனமோ சுற்றி வர்ணனை கேட்டவர்கள், எந்த ஆட்டம், எந்த நிலையம், யார் சுற்றினார்கள் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)